மருதமுனையில் ஒரு முற்றம்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் வீதியில் பெரியநீலாவணையைக் கடந்துவிட்டால், ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றோர் ஊர் எங்கே தொடங்குகிறது என்று அயலார் அறிதல் அரிது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கோபுரமும் மினாராவும் மாறிமாறித் தோன்ற, வீடுகள் ஒன்றையொன்று உரசி நிற்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே வயல். இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்திலேதான் இத்தனை சனமும் வாழ்கிறது. இங்கே வீட்டுக் குப்பைக்குப் போக்கிடம் எது என்பது சிறிய கேள்வியன்று.

நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் அழைக்க, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மருதமுனைக்குப் போயிருந்தோம். கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. அவருடைய வீட்டில் இன்றும் ஒரு தறி ஓடுகிறது. பாவு முடியும் தறுவாயில், கடைசியில் சிறிதளவு நூல் துணியாகாமல் நின்றுவிடும். அதனை அறுத்தே ஆகவேண்டும். அந்த நூலை மாணவரின் உம்மம்மா பன்கூடையொன்றில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு பகுதி முறுக்கப்பட்டு உடுப்புக் காயும் கொடியாகியிருந்தது. மிகுதி தலையணைக்குள் புகுந்துவிட்டது. கிழிந்த சாரம் முதலில் குழந்தைக்குத் தொட்டிற் சீலை, பின்னர் அடுக்களைக் கைபிடித்துணி, முடிவில் நிலந்துடைக்கும் துணி. சிரட்டை அடுப்புக்கு; மீன் தலையும் செதிலும் தென்னையடிக்கு; அரிசி கழுவிய நீர் ஆட்டுக்கு.

“குப்பையை எங்கே போடுகிறீர்கள், உம்மா?” என்று கேட்டோம்.

“உக்கிற சாமான் எல்லாம் இந்த வளவுக்குள்ளதான் போகுது, சேர். உக்காததுதான் வண்டிக்குப் போகுது. அத நான் வாங்கிறல்ல, இவர்தான் வாங்கிட்டு வாறார்” என்று பேரனைச் சுட்டினார். மாணவர் தலை குனிந்தார். நாமும், வாழைப்பழம் கொண்டுபோயிருந்த பொலித்தீன் பையை மெல்லக் கதிரைக்குப் பின்னே தள்ளிவிட்டோம்.

வண்டிக்குப் போவது அவ்வளவில் மறைந்துபோவதில்லை. இம்மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே, சுற்றுவட்டார ஊர்களின் குப்பை கொட்டப்படும் திடலொன்று உண்டு. முந்திய எட்டாண்டுகளில் அங்கே சுமார் 20 யானைகள் மாண்டதாக 2022 ஜனவரியில் செய்தி வெளிவந்தது. யானைகளைத் தடுக்க அமைத்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதடைந்ததாம், பின்னர் செப்பனிடப்படவில்லையாம். இறந்தவற்றின் வயிற்றிலே வைத்தியர்கள் கண்டவை பொலித்தீனும் உணவுப் பொதிகளின் உறைகளும். சோற்றின் வாசனை ஒட்டிய லஞ்ச் சீற்றை யானை பிரித்து உண்ணுமா? உறையோடு விழுங்குகிறது. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் 2017 செப்தெம்பரில் தடைசெய்யப்பட்டதுதான். ஆயினும் பை தடித்ததேயன்றி ஒழியவில்லை.

உம்மம்மாவின் முறை வளவுள்ளவர்க்கு வாய்த்தது என்பதையும் சொல்லவேண்டும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலோர வளவை இழந்தோரிற் பலர் மாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். மாணவரின் சாச்சி அவ்வாறான மாடியொன்றில் வாழ்கிறார், தென்னையுமில்லை, ஆடுமில்லை. அடியில் துளையிட்ட மூன்று மண்பானைகளை அவர் மாடத்தில் வைத்திருக்கிறார். காய்கறித் தோலைப் போட்டு, மேலே ஒரு பிடி தும்புத்தூளைத் தூவி மூடுகிறார். ஒன்று நிறைந்ததும் அடுத்தது. மூன்றாவது நிறைவதற்குள் முதற்பானை எருவாகிவிடுகிறது. அதிலே கத்தரி காய்த்திருந்தது. மீன் கழிவு மட்டும் வாளியில் உம்மம்மாவின் தென்னைக்கு வருகிறது. எண்ணெய்க்குப் போத்தலும் பருப்புக்குப் பேணியும் கொண்டு கடைக்குப் போகிறார். முதலில் முதலாளி சிரித்தாராம். இப்போது பேணியை நிறுத்துக் கழித்துவிட்டே பருப்பு அளக்கிறாராம்.

மாலையில் புறப்படும்போது உம்மம்மா நமது பொலித்தீன் பையை மடித்துக் கையில் தந்தார். கதிரைக்குப் பின்னால் ஒளித்தது அவருக்குத் தெரிந்தே இருந்தது. கூடவே, பன்னால் இழைத்த உமலொன்றில் நான்கு தேங்காய்கள்.

“உமலத் திருப்பிக் கொண்டு வாங்க, சேர்” என்றார்.

அந்த உமல் இப்போது நம் அடுக்களை ஆணியில் தொங்குகிறது. வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாகாதே; முற்றத்து மாமரம் காய்க்கட்டும் என்று காத்திருக்கிறோம்.