பத்து மணித் தண்ணி

கொழுந்து மலைக்குப் போகிற எந்தப் பெண்ணிடமாவது கேட்டுப் பாருங்கள், காலைப் பிரட்டிலிருந்து பகல் நிறுவை வரைக்கும் எவ்வளவு தண்ணி குடித்தாய் என்று. கொண்டுபோன சாயத்தண்ணியில் பாதி போத்தலிலேயே இருக்கும். தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் ஒண்ணுக்கு வரும், வந்தால் போக இடம் கிடையாது.

நான் பிறந்தது ஸ்பிரிங்வெளி. வாக்கப்பட்டுப்போய்க் கொழுந்தெடுத்தது வேறொரு தோட்டம். பெயர் வேண்டாம், பல மலைகளில் இதே கதைதான். இடுப்பில் படங்கு, அதன்மேல் கயிறு. மழையில் நனைந்தால் முடிச்சு இறுகி, விறைத்த விரலுக்கு அவிழாது. கூடையை இறக்கி, முடிச்சை அவிழ்த்து, செடி மறைவில் குந்தினால் அட்டை ஏறும். மேலே கங்காணி நிற்பார். திரும்பக் கட்டிக்கொண்டு வருவதற்குள் நிரை பிந்திவிடும், கிலோ குறையும். அதனால் அடக்குவோம்.

கல்யாணமான புதிதில் எரிச்சல் தொடங்கியது. சொட்டுச் சொட்டாகப் போகும். எழுந்தவுடனே மறுபடி முட்டும். "சூடு புடிச்சிருக்கு" என்று அத்தை பொல்பலா அவித்துத் தந்தார், பார்லியில் நெருஞ்சி போட்டுத் தந்தார். எனக்கோ வேறு பயம். இது கெட்ட சீக்கோ, வீட்டுக்காரர் கொண்டுவந்ததோ என்று மனதுக்குள் அவரையே சந்தேகப்பட்டேன். டிஸ்பென்சரி வரிசையில் முன்னும் பின்னும் ஆம்பிளைகள். தலைவலி என்று சொல்லிப் பெனடோல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு நடுக்கலோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் குத்து, வாந்தி. பதுளை பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். டொக்டர் சிங்களத்தில் சொல்ல, மிஸ்ஸி அரைத் தமிழில் எனக்குச் சொன்னார். பெரும்பாலும் இந்த மூத்திரக் கிருமித் தொற்றுக்குக் காரணம் ஈ.கோலை என்ற கிருமி, நம் குடலிலேயே இருப்பது. பெண்ணுக்கு மூத்திரக் குழாய் 4 சென்றிமீற்றர்தான், ஆணுக்கு 20 அளவில். அதனால்தான் பெண்களில் பாதிப் பேருக்காவது வாழ்நாளில் ஒரு தடவை இது வருகிறது. புருஷனோடு சேரும்போது கிருமி உள்ளே தள்ளப்படலாம், ஆனால் அது அவர் கொண்டுவந்த நோயல்ல. ஊசியைவிட இந்தப் பேச்சுத்தான் எனக்கு முதலில் கேட்டது.

என் கிருமி மூத்திரப்பையைத் தாண்டிச் சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தது. மருந்து தொடங்குமுன் மூத்திரத்தைக் கல்ச்சருக்குக் கொடுக்க வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் போத்தலில் பிடிக்கச் சொன்னார்கள். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று ரிப்போர்ட் சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகும். லயத்தில் உப்புக் கடன் வாங்குகிற மாதிரி கெப்சூலும் கடன் வாங்குவார்கள். அது ஆகாது. நைட்ரோபுரன்டோயின் மூத்திரப்பைக்கு நல்ல மருந்து, சிறுநீரகத்துக்கு ஏறியதற்கு உதவாது. நோய் பையோடு நின்றால் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள் மாத்திரையில் தீரும். எரிச்சல் நின்றதென்று நடுவில் விடக்கூடாது. பொல்பலாவோடு எனக்குச் சண்டையில்லை. அதிலுள்ள தண்ணி நல்லது, கிருமியைக் கொல்லும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எரிச்சலே இல்லாமலும் கிருமி இருக்கலாம். கவனிக்காவிட்டால் சிறுநீரகத்துக்கு ஏறி, மாதம் நிறையாமல் பிள்ளை பிறக்கவும் இடமுண்டு. கிளினிக்கில் சோதனைக்குக் கேட்டால் சாக்குச் சொல்லாமல் கொடுங்கள். சீனி வியாதிக்காரர்களும் கவனமாக இருக்க வேண்டும். கழுவுவது முன்னிருந்து பின்னுக்கு, சேர்ந்த பிறகு ஒண்ணுக்குப் போய்விட வேண்டும், உள்ளே டெட்டோல் ஊற்றிக் கழுவுவது கெடுதல்.

பல்கேரியாவில், அடிக்கடி இந்த நோய் வருகிற, தண்ணி குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். தினமும் ஒன்றரை லீற்றர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு வருடத்தில் சராசரி 1.7 தடவை வந்தது, மற்றவர்களுக்கு 3.2. சரி, குடிக்கலாம். குடித்தவள் எங்கே போவாள்? 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோது எவ்வளவு பேச்சு! மலையில் ஒரு கக்கூஸ் கேட்டால் தலைவர்மாருக்குச் சிரிப்பு வருகிறது. சில தோட்டங்களில் கட்டியிருக்கிறார்கள், முடியாத காரியமல்ல.

வேலைக்குத் திரும்பியதும் நிரையில் பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து மணிக்கு மூவரும் தண்ணி குடிப்போம், சேர்ந்தே இறங்குவோம். இருவர் படங்கை விரித்துப் பிடித்தால் ஒருத்திக்கு மறைவு. "எங்கம்மா கூட்டமா கெளம்பிட்டீங்க?" என்று கங்காணி கத்தினார். "ஒண்ணுக்கு, கங்காணி ஐயா" என்று மலைக்கே கேட்கச் சொன்னேன். அடுத்த கிழமை ஏழு பேர் வந்தார்கள்.