வேலியின் இருபுறமும்

காதலைப் பாட வரும் புலவன் அதற்கு முன் நிலத்தையும் பொழுதையும் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. அவ்விரண்டையும் அவர் முதற்பொருள் என்று கூறியதன் பொருத்தத்தை நான் நன்குணர்ந்தது, கேட்போர்க்கு வியப்பாகத் தோன்றலாம், அமெரிக்க நாட்டு மாட்டுப் பண்ணைக் காதற்கதைகளைப் படித்தபோதுதான்.

கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்ற காலத்தில், வாடகை நூலகத்திலிருந்து அக்கதைகள் எங்கள் அறைக்கு வந்து சேரும். அட்டை கிழிந்த அந்நூல்களை நால்வர் முறைவைத்துப் படிப்போம். பெரும்பாலானவற்றுக்குக் கரு ஒன்றே. வயோமிங்கிலோ மான்டனாவிலோ ஒரு சிற்றூர். அடுத்தடுத்து இரு பண்ணைகள். இரண்டு தலைமுறைப் பகை. ஒரு பண்ணையை நடத்துபவள் ஒரு பெண். மற்றதை நடத்துபவன் ஓர் ஆண். ஓர் ஓடையின் நீருக்காக வழக்காடும் அவ்விருவரும் முடிவில் மணம் புரிந்துகொள்வர். இத்தகைய கதைகளுக்கென்றே ‘ராஞ்ச் ரொமான்சஸ்’ என்னும் இதழ் அந்நாட்டில் 1924 முதல் 1971 வரை நடந்தது என்றால், அவற்றுக்கிருந்த வரவேற்பை உய்த்துணரலாம்.

எங்களுள் உழவர் குடியிற் பிறந்த தோழி ஒருத்தி மட்டும் கடைசிப் பக்கத்தில் நிறைவு கொள்ளமாட்டாள். “கல்யாணம் சரிடி, அந்த ஓடை இனிமே யார் பேர்ல?” என்று கேட்பாள். நாங்கள் சிரிப்போம்; அவளும் சிரிப்பாள்; ஆனால் வினாவை விடமாட்டாள். அந்த வினாவே பின்னாளில் என்னை அந்நாட்டு வரலாற்றின்பால் ஈர்த்தது.

ஆநிரை கவர்தலுக்கும் மீட்டலுக்கும் வெட்சி, கரந்தை எனத் திணை வகுத்த மொழியினர் நாம். மாட்டின் பொருட்டு மூளும் பகை நமக்குப் புதிதன்று. எனினும் அமெரிக்க மேற்கில் அப்பகைக்கு நீரும் வேலியும் காரணங்களாயின. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்வோர்க்கு 160 ஏக்கர் வரை அரசு நிலம் அளித்தது. மழை குன்றிய அப்பகுதியில் மாடு வளர்க்க அந்த அளவு போதாது. ஆனால் ஓடைக்கரையில் உள்ள 160 ஏக்கர் ஒருவன் கையில் இருந்தால், சுற்றியுள்ள புல்வெளி முழுதும் அவன் ஆளுகைக்குள் வந்துவிடும். நீரின்றிப் பிறர் அங்கே மாடு வளர்க்க இயலாதன்றோ! நீரை முதலில் எடுத்துப் பயன்படுத்தியவனுக்கே முதலுரிமை என்பது அப்பகுதியின் நீர்ச் சட்டம். 1874இல் ஜோசப் கிளிடன் என்பார் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை எல்லையின்றிக் கிடந்த மேய்ச்சல்வெளி துண்டு துண்டாயிற்று. 1892இல் வயோமிங்கின் ஜான்சன் மாவட்டத்தில் பெரும் பண்ணையார்கள் கூலிக்குத் துப்பாக்கி வீரர்களை அமர்த்திச் சிறு பண்ணையார்கள்மீது படையெடுத்தனர். உயிர்கள் மாய்ந்தபின், இறுதியில் அரசின் படையே வந்து தலையிட வேண்டியதாயிற்று.

இத்தகைய மண்ணில் பகைவர் எவ்வாறு காதலராவர்? அதற்கும் நிலமே விடை கூறுகிறது. அங்கே அண்டை வீடு என்பது பல கல் தொலைவு. பனிப்புயல் வீசும் இரவில் கன்று ஈனத் துன்புறும் பசுவுக்கு உதவ அண்டைப் பண்ணையாரையன்றி வேறு எவரும் இலர். 1886-87ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் மாட்டு மந்தைகள் கூட்டங்கூட்டமாக மடிந்த வரலாற்றை மறந்த பண்ணையார் அங்கில்லை. கன்றுகளுக்குச் சூட்டுக்குறி இடும் நாளில் அண்டை அயலார் கூடிவந்து உதவுவது இன்றும் நிலவும் வழக்கம். வழக்கு மன்றத்தில் எதிர்நின்றவனும் அன்று கயிற்றோடு வருவான். அவன் பண்ணையில் சூடு போடும் நாளில் இவளும் செல்லவேண்டும். பகைவரைப்போல் ஒருவரையொருவர் உற்றுநோக்குவோர் உலகில் இலர். அவளைப் புகழ்வோர் ஊரில் பலர் இருக்கலாம்; அவள் உழைப்பின் அருமை, அதே உழைப்பை மேற்கொண்டவனுக்கே விளங்கும். இக்கதைகளில் காதல் பிறக்கும் இடம் அதுவே என்பது என் துணிபு.

ஆயினும் தோழியின் வினா எஞ்சி நிற்கிறது. வில்லியம் வைலர் இயக்கி 1958இல் வெளிவந்த ‘தி பிக் கன்ட்ரி’ திரைப்படத்தில், பகைகொண்ட இரு குடும்பங்களுக்கும் வேண்டிய ஆறு ஓர் ஆசிரியையின் நிலத்தில் ஓடுகிறது. அவள் இரு சாராரின் மாடுகளுக்கும் நீர் தருகிறாள். வெளியூரிலிருந்து வந்த நாயகன் அந்நடுநிலையைக் காப்பதாக வாக்களித்து நிலத்தை விலைக்குப் பேசுகிறான், அவள் இசைகிறாள். முடிவில் இருவரும் இணைந்து குதிரையேறிச் செல்கின்றனர். காதல் கைகூடுமுன்னரே நிலம் கைமாறிவிட்டது!

மெய்வாழ்வு இன்னும் நுட்பமானது. டென்வர் நகரில் சிறுமகளோடு வாழ்ந்து, சலவை வேலையும் வீட்டு வேலையும் செய்து பிழைத்த எலினோர் புரூயிட் என்னும் பெண், 1909இல் வயோமிங்கின் பர்ன்ட்ஃபோர்க் அருகே கிளைட் ஸ்டூவர்ட் என்பவரின் பண்ணைக்கு வீட்டுப் பொறுப்பாளராக வந்தார். ஹோம்ஸ்டெட் சட்டம் மணமாகாத பெண்ணுக்கும் கைம்பெண்ணுக்கும் நிலம் கோரும் உரிமை அளித்தது. கணவனோடு வாழும் மனைவிக்கு அவ்வுரிமை இல்லை. எலினோர் பண்ணையை ஒட்டிய நிலத்துக்கு விண்ணப்பித்தார். சில நாள்களில் ஸ்டூவர்ட்டையே மணந்தார். தம் நிலத்தின் எல்லைக்கோடு கணவர் வீட்டிலிருந்து இரண்டடி தொலைவில் ஓடுவதாகவும், நிலத்தின் பாடுகளைத் தாமே தனித்து ஏற்பதற்கு அவர் இசைந்ததனாலேயே மணந்ததாகவும் தம் பழைய எசமானிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் 1914இல் நூலாகிப் புகழ்பெற்றன. ஆனால் 1912இலேயே அவர் அந்நில உரிமையைத் துறந்துவிட்டார்; அது மாமியார் பெயருக்குப் போயிற்று. நூலில் இச்செய்தி இல்லை.

எலினோர் மகிழ்ச்சியின்றி வாழ்ந்தார் என்று நான் கூறவில்லை. அவர் கடிதங்களில் பொங்கும் உவகை மெய்யானது. என்றாலும் தனித்து நின்று வெல்வேன் என்று உலகறிய உரைத்த பெண், அந்நிலம் தம் கைவிட்டுப் போனதை எழுதாது விட்டார் என்பது என் நெஞ்சை உறுத்துகிறது.

இன்று என் மகள் அதே வகைக் கதைகளைக் கைப்பேசியில் படிக்கிறாள். அண்மையில் ஒரு கதையை அவள் முடித்தபோது, “அந்த ஓடை இனி யார் பெயரில்?” என்று கேட்டேன். அவள் சில பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். “அதை எழுதவே இல்லையேம்மா” என்றாள்.

பகை நீங்க வேலியைப் பிடுங்கி எறிய வேண்டும் என்பதில்லை. வேலியில் ஒரு வாயில் அமைத்து, அதன் திறவுகோல் இருவர் கையிலும் இருக்குமாறு செய்தால் போதும். அத்தகைய முடிவு கொண்ட கதையொன்றை எழுதும் ஆற்றல் இம்மலரைப் படிக்கும் மாணவியர் எவரிடமேனும் இருக்கக்கூடும். அவர் எழுதுக, நாம் மகிழ்ந்து படிப்போம்.