அனுபானம்

"எய்யா, ஊசி மருந்து சரிதான். அதுக்கு அனுபானம் என்னய்யா?"

2021 ஏப்ரலில் எங்கள் ஆச்சி என்னிடம் கேட்ட கேள்வி இது. வாசுதேவநல்லூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த பள்ளிக்கூடத்தில் அன்று கொரோனாத் தடுப்பூசி முகாம். ஊசி வழியாக ஏதோ மரபணுவை உள்ளே அனுப்புகிறார்கள், அது வம்சத்தையே மாற்றிவிடும் என்று யாரோ ஆச்சியின் காதில் ஓதியிருந்தார்கள்.

ஆச்சியின் தகப்பனார் நாட்டு வைத்தியர். ஒரே சூரணத்தைத் தேனில் குழைத்தால் ஒரு நோய்க்கு, நெய்யில் குழைத்தால் மற்றொரு நோய்க்கு என்று கொடுப்பாராம். தேன், நெய், வெந்நீர், தாய்ப்பால் என மருந்தைச் சுமந்து சென்று உரிய இடத்தில் சேர்ப்பதற்கு அனுபானம் என்று பெயர். மருந்து பாதி, அனுபானம் பாதி என்பது ஆச்சியின் கட்சி. நானோ அப்போது பிளஸ் டூ மாணவன். "தெரியல ஆச்சி" என்றேன். "தெரிஞ்சுக்கிட்டு வா, பொறவு போட்டுக்கிடுதேன்" என்றாள்.

மே மாதம் ஆச்சிக்குக் காய்ச்சல் கண்டது. பத்தாம் நாள் போய்விட்டாள். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று அடித்துச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லாமற் போனது என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

கல்லூரிக்கு வந்து வேதியியல் படிக்கத் தொடங்கிய பின்னர்தான் ஓர் உண்மை விளங்கிற்று. எழுதப் படிக்கத் தெரியாத என் ஆச்சி கேட்ட அதே கேள்வியோடுதான் உலக விஞ்ஞானிகளும் பல்லாண்டுகள் போராடியிருக்கிறார்கள்.

ஒரு புரதத்தைச் செய்வதற்கான கட்டளையைத் தாங்கியது தூது ஆர்.என்.ஏ. அதை வெறுமனே உடலுக்குள் செலுத்தினால் அங்குள்ள நொதிகள் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். தப்பிப் பிழைத்தாலும் செல்லின் வாசல் திறக்காது. செல்லின் சுவர் கொழுப்பாலானது; ஆர்.என்.ஏ.யோ எதிர்மின்னேற்றம் கொண்டு நீரோடு உறவாடுவது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டுமா?

எனவே கொழுப்பையே வாகனமாக்கினார்கள். கொழுப்பு மூலக்கூறுகள் நீரில் தாமாகவே நுண்ணிய குமிழிகளாகத் திரள்வதை 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹாம் கண்டறிந்தார். 1987-இல் அமெரிக்காவில் பிலிப் ஃபெல்க்னர் குழுவினர் நேர்மின்னேற்றம் கொண்ட கொழுப்பால் டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் புகுத்திக் காட்டினர். ஆனால், எப்போதும் நேர்மின்னேற்றத்தோடு திரியும் கொழுப்பு செல்களுக்கு ஊறு செய்தது.

இதற்கு விடை அமிலத்தில் கிடைத்தது. எலுமிச்சைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் வட்டாரத்துக்குப் புளிப்பின் குணம் புதிதன்று. ஒரு மூடி பிழிந்தால் பால் திரிந்துவிடும். அதுபோல, அமிலம் பட்டால் குணம் மாறும் கொழுப்புகளைச் செய்தார்கள். அமில நீரில் அக்கொழுப்பு நேர்மின்னேற்றம் பெற்று ஆர்.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும். அமிலத்தை நீக்கினால் மின்னேற்றம் போய்ச் சாதுவாகிவிடும். இரத்தத்தில் தொல்லையின்றிச் செல்லும். செல் அதை விழுங்கும்போது ஒரு சிறு பைக்குள் அடைக்கிறது. அந்தப் பை மெல்ல அமிலமாகும். உடனே கொழுப்புக்கு மின்னேற்றம் மீண்டும் வந்து, பையின் சுவரைக் குலைத்து ஆர்.என்.ஏ.யை வெளியே விடுகிறது. பெரும்பகுதி பைக்குள்ளேயே அழிந்துபோக, தப்பும் சிறுபகுதியே வேலையை முடித்துவிடுகிறது. இந்தக் கொழுப்போடு கொலஸ்ட்ரால் உள்ளிட்ட வேறு மூன்று பொருள்களும் சேர்ந்ததே கொழுப்பு நானோ துகள். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் சுமார் ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம்.

இத்துகளில் ஆர்.என்.ஏ.யை ஏற்றிய முதல் மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெயர் பாடிசிரான். பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய்க்குக் காரணமான புரதத்தைக் கல்லீரல் செய்யவிடாமல் அது தடுக்கிறது. அதை உருவாக்கிய அல்நைலம் நிறுவனத்தின் வேதியியலாளர்களுள் முத்தையா மனோகரனும் ஒருவர். அவர் பயின்றது நம் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் என்று அறிந்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

2020 டிசம்பரில் மேலை நாடுகளில் இதே வாகனத்தில் கொரோனாத் தடுப்பூசி வந்தது. ஆனால் பைசர் ஊசியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே 70 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டியிருந்தது. வாசுதேவநல்லூர் வெயிலில் அது நடக்கிற காரியமா? எங்கள் முகாமில் போட்டது கோவிஷீல்டு. அதன் அனுபானம் கொழுப்பன்று. பெருகும் ஆற்றல் நீக்கப்பட்ட ஒரு வைரஸ். சாதாரணக் குளிர்பெட்டியிலேயே அதை வைக்கலாம். 2 முதல் 8 டிகிரியில் வைக்கத்தக்க தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி ஒன்றைப் புனேயின் ஜென்னோவா நிறுவனம் உருவாக்கியது. அதற்கு 2022-இல் அவசர அனுமதி கிடைத்தது. மருந்து எந்த ஊர்வரை போய்ச் சேரும் என்பதையும் அனுபானம்தான் தீர்மானிக்கிறது போலும்!

2025-இல் பிலடெல்பியாவில் ஒரு குழந்தைக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். அம்மோனியாவை வெளியேற்ற உதவும் ஒரு நொதியின் மரபணு பிழைபட்டுப் பிறந்த குழந்தை அது. பிழை திருத்தும் கட்டளையைக் கொழுப்புத் துகளில் ஏற்றிக் கல்லீரலுக்கு அனுப்பினார்கள். அக்குழந்தைக்கென்றே செய்த மருந்து! உடல்நிலை தேறியது.

ஆச்சி, இனி உன் சந்தேகத்துக்கு வருகிறேன். தூது ஆர்.என்.ஏ. செல்லின் உட்கருவுக்குள் நுழைவதே இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுச் சில நாட்களில் அழிந்துவிடும். உனக்குப் போடவிருந்த ஊசியின் டி.என்.ஏ. உட்கருவுக்குள் போகும், ஆனால் உன் மரபணுவோடு கலப்பதற்காகச் செய்யப்பட்டதன்று, அதுவும் சிலகாலமே இருக்கும். பிலடெல்பியாக் குழந்தைக்குத் திருத்தியதுகூடக் கல்லீரல் செல்களைத்தான். வம்சத்துக்கு ஒன்றும் ஆகாது.

நான்கு ஆண்டுகள் பிந்திய பதில் இது. சென்ற மாதம் என் அத்தை, தன் மகளுக்குப் பள்ளியில் போடும் ஊசியைப் பற்றிக் கேட்டாள். "தெரியல" என்று நான் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, தெரிந்தவரை தமிழிலேயே சொன்னேன். தெரியாததை டாக்டரிடம் இருவருமாகப் போய்க் கேட்டு வந்தோம்.