அத்தையின் இடக் கை

நோவு வராத வரையில் கை என்று ஒன்று இருப்பதையே நாம் நினைப்பதில்லை. என் அத்தைக்கு அந்த நினைப்பு 2022-ல், 68-ஆம் வயதில் வந்தது. கொடியில் நாலு துணி உலர்த்துவதற்குள் இடக் கை ஓய்ந்து போகும். தொங்கவிட்டுச் சற்று நின்றால் சரியாகிவிடும். விரல்கள் மட்டும் சில்லிட்டே கிடக்கும்.

"வாதம்தான்" என்று ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். அத்தை வாய் திறக்கவில்லை. 2001-ல் இடது மார்பில் புற்றுநோய்க்கு அறுவை செய்து, அக்குளிலும் காரை எலும்புப் பக்கத்திலும் 'கரண்ட்' வைத்துப் பிழைத்தவள் அவள். பழைய விருந்தாளி திரும்பிவிட்டானோ என்று அவளுக்குப் பயம்.

டாக்டர் இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். வலக் கையில் 140, இடக் கையில் 90. மணிக்கட்டில் நாடி இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. ஸ்கானில் புற்று இல்லை. காரை எலும்புக்கடியில் கைக்குப் போகும் தமனியில் அடைப்பு இருந்தது. கதிர் புற்றைக் கொல்லும்போது, வழியிலுள்ள ரத்தக் குழாயின் உட்தோலையும் புண்படுத்திவிடுகிறதாம். குழாயின் சுவர் மெல்ல மெல்லத் தடித்து இறுகி, பத்து இருபது வருஷம் கழித்துக்கூட வழியை அடைக்குமாம். சும்மா இருக்கும் கைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். வேலை செய்யும் கைக்குப் போதாது.

காலிலிருந்து நாளம் எடுத்து மாற்று வழி போடலாம். ஆனால் கதிர் பட்ட சதையில் கத்தி வைத்தால் எளிதில் ஆறாது. ஆகவே தொடையிடுக்கு வழியே மெல்லிய குழாய் செலுத்தி, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். 1964-ல் அமெரிக்காவில் போர்ட்லாண்டு நகரத்து டாக்டர் சார்லஸ் டாட்டர், காலை வெட்டச் சம்மதியாத 82 வயதுக் கிழவி ஒருத்திக்கு முதலில் கண்ட வழி இது. பலூன் பின்னால் வந்து சேர்ந்தது.

"அந்தக் கரண்ட்தானே கையைக் கெடுத்தது!" என்று அத்தை மகன் பொருமினான்.

"அது இல்லாவிட்டால் உன் பெண்ணை யார்டா தூக்கி வளர்த்திருப்பார்கள்? இந்தக் கையாலேதானே தூக்கினேன்?" என்றாள் அத்தை.

இப்போது விரல்களில் சூடு இருக்கிறது. மறுபடியும் அடைக்கலாம் என்பதால் மாத்திரையும் பரிசோதனையும் தொடர்கின்றன. உங்கள் வீட்டிலும் என்றோ கதிர் வைத்துக்கொண்டவர் யாராவது கை ஓய்கிறது என்றால், தைலத்தைத் தேடுமுன் இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.