பதிவேட்டில் ஒரு பெயர்

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களிடையே ஒரே சடங்குக்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த எனக்கு அது ஞானஸ்நானம். கத்தோலிக்கரான என் மனைவிக்குத் திருமுழுக்கு. (அவளுடைய பாட்டி மட்டும் கடைசிவரை ஞானஸ்நானம் என்றே சொல்லிவந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த சொற்கள் அவர் நாவில் ஏறவேயில்லை.) எங்களுக்குச் சேகரம், அவர்களுக்குப் பங்கு. எங்களுக்குப் பரிசுத்த ஆவி, அவர்களுக்குத் தூய ஆவி. மணமான புதிதில் இந்த இரட்டை அகராதி எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. மகள் பிறந்தபின் வேடிக்கை நின்றுபோயிற்று.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை இறையியல் சண்டை என்று எண்ணக்கூடும். ஆனால் ஞானஸ்நானத்தைப் பொறுத்தவரை இரு தரப்புக்கும் பெரிய வழக்கு எதுவும் கிடையாது. இரண்டுமே கைக்குழந்தைகளுக்குத் திரித்துவத்தின் பெயரால் நீர் வார்க்கின்றன. 1982இல் லிமா நகரில் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் இறையியல் குழு இசைவளித்த அறிக்கை, ஞானஸ்நானம் திரும்பச் செய்யத்தகாதது என்கிறது. அக்குழுவில் கத்தோலிக்க இறையியலாளர்களும் இருந்தார்கள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட என் சித்தப்பாதான், இரண்டுமே ஞானஸ்நானம் அல்ல, வெறும் தெளிப்பு என்று சொல்லி, இரு வீட்டாரையும் ஒரு பிற்பகல் முழுக்க ஒன்றுசேர்த்துவைத்தார்.

நீரில் வராத வழக்கு பதிவேட்டில் வந்தது. குழந்தையின் பெயர் எந்தக் கோயில் ஏட்டில் ஏறும்? கத்தோலிக்கர்களின் ஞானஸ்நானப் பதிவேடு ஒருநாள் எழுதி மூடிவைப்பதன்று. பிற்பாடு உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம் எல்லாம் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். எங்கள் பக்கத்திலோ சபை அங்கத்துவம் என்பது சந்தாவில் தொடங்கிக் கல்லறைத் தோட்டத்தில் முடிகிற குடும்பச் சங்கதி. என் அப்பாவுக்கு, அவருடைய தகப்பனார் படுத்திருக்கும் தோட்டத்தில் பேத்திக்கு இடமில்லாமல் போவது பற்றிய கலக்கம். பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பிள்ளைக்குக் கல்லறை யோசனை எதற்கு என்று அம்மா அதட்டினாள்.

மனைவியின் நிலை வேறு. கலப்பு மணத்துக்கு அனுமதி பெறும்போது, பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறச்செய்து வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாக அவள் வாக்களித்திருந்தாள். 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இந்த வாக்கை மணமக்கள் இருவரிடமும் கேட்டது. 1970இல் ஆறாம் பவுல் அதைத் தளர்த்தினார். அதன்பின் கத்தோலிக்கர் மட்டும் வாக்களிக்கிறார், மற்றவருக்கு அது தெரிவிக்கப்படுகிறது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அப்படியே. எனக்கும் தெரிவித்தார்கள், நானும் தலையசைத்தேன். இயன்றதைச் செய்தும் முடியாமற்போனால் அந்தப் பெற்றோர் தண்டனைக்கு உள்ளாவதில்லை என்று 1993ஆம் ஆண்டின் வத்திக்கான் நெறிமுறை சொல்கிறது. அதை நான்தான் தேடிப் படித்து அவளிடம் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடியாமற்போனால்தானே? இங்கே யார் என்னை முடியாமல் ஆக்குகிறார்கள்?" என்றாள். அதற்கு மேல் சட்டம் பேச எனக்கு வழியில்லை.

பிள்ளை தகப்பன் சபையில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் வழக்கத்தில் யாரும் கையெழுத்திடுவதில்லை. எங்கள் இருவரில் வாக்குக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். நாங்கள் பேசித் தீர்த்தபோது எனக்குக் கடைசியில் மிஞ்சிய நியாயம் இதுதான். இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அப்பாவிடம் அவளே போய்ச் சொன்னாள்: "கையெழுத்துப் போட்டது நான், மாமா. உங்கள் மகன் இல்லை." அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "போட்டால் போட்டதுதானேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

திருமுழுக்கு மனைவியின் பங்குக் கோயிலில் நடந்தது. ஞானத்தாயாக அவளுடைய அக்கா நின்றார். கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவர் ஞானப்பெற்றோராக முடியாவிட்டாலும், கத்தோலிக்கர் ஒருவருடன் சாட்சியாக நிற்கலாம் என்பதால் என் தங்கையும் பக்கத்தில் நின்றாள். விசுவாச அறிக்கை வந்தபோது அப்பா எங்கள் சபையில் சொல்லும் பழைய தமிழிலேயே சத்தமாகச் சொன்னார். சுற்றிலும் இருந்தவர்கள் முடித்த பிறகும் அவருக்கு ஒரு வரி பாக்கியிருந்தது. பங்குத்தந்தை காத்திருந்தார்.

பிறகு எங்கள் சேகர குருவிடம் விசாரித்தேன். மறுபடி ஞானஸ்நானம் தேவையேயில்லை, வளர்ந்தபின் விரும்பினால் இங்கே திடப்படுத்தல் பெறலாம் என்றார். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. நீரில் ஒத்துப்போகிற சபைகள் அப்பத்தில் ஒத்துப்போவதில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானதே ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியர் போன்றோர் ஒரே பந்திக்கு வந்ததனால்தான். அந்தப் பந்திக்கு என் மனைவி வர அவள் சபை இசையாது. அவள் வரிசையில் நிற்கும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். இத்தனை நாளும் மகள் என் மடியில் இருந்தாள். தனியாக உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியதில்லை.

இப்போது அவளுக்கு எட்டு வயது. புதுநன்மை வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் காலம் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, அடுத்த வருடம் தான் அம்மாவோடு போய்விட்டால் பெஞ்சில் அப்பாவுக்கு யார் துணை என்று அவளே கேட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். விண்ணப்பம் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.