மீதி 35

பணி ஓய்வு விழாவில் இளம் சகா ஒருவர் என்னை வாழ்த்திப் பேசினார். "சார் காலத்தில் பாவம், எல்லாவற்றையும் கையாலேயே வகுத்துக்கொண்டிருந்தார்கள்." அரங்கம் சிரித்தது. தோளில் சால்வை கிடந்ததால் நானும் சிரித்துவைத்தேன்.

அவர் குறிப்பிட்டது, 2147483647 பகா எண்தானா என்று நாங்கள் கையால் வகுத்துப் பார்த்ததை. இரண்டின் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. மெர்சென் பகா எண்களில் எட்டாவது. 1772இல் இதைப் பகா எண் என்று நிறுவிய ஆய்லருக்கு அப்போது பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. வர்க்கமூலம் 46340 சொச்சம். அதற்குள் 4792 பகா எண்கள். எல்லாவற்றாலும் வகுக்க வேண்டியதில்லை. காரணி ஒன்று இருந்தால், அதை 62ஆல் வகுக்க மீதி 1 வந்தாக வேண்டும். ஃபெர்மாவின் சிறு தேற்றம் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வரி.

எங்கள் பேராசிரியர் எங்களைப் பிடித்து நிறுத்தியது அடுத்த வரியில். "அதே காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. ஏன்?" மூன்று வாரம் அதற்கு மேல் ஓர் அடி நகரவிடவில்லை. தினமும் கேட்பார், நாங்கள் தலை குனிவோம். கடைசியில் கரும்பலகையில் எழுதியது இவ்வளவுதான்: இரண்டின் 32ஆம் அடுக்கை அந்தக் காரணியால் வகுத்தால் மீதி 2. 32 இரட்டைப்படை; ஆக அங்கே 2 ஒரு முழு வர்க்கம். அந்தப் பாக்கியம் 8ஆல் வகுக்க மீதி 1, 7 வரும் பகா எண்களுக்கு மட்டுமே. இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63. 4792 பேர் நின்ற வரிசையில் மிஞ்சுவது எண்பதையொட்டி.

பிறகுதான் வகுக்கச் சொன்னார். முதல் ஆள் 311: ஈவு 6905092, மீதி 35. ஒருநாள் எனக்கு எங்கோ மீதி பூஜ்யம் வந்தது. ஆய்லரையே கவிழ்த்துவிட்டேன் என்று ஓடினேன். அவர் நிமிரக்கூட இல்லை. "ஒன்பதை ஒதுக்கிச் சரிபார்த்தாயா?" பார்க்கவில்லை. கடன் வாங்கிய ஒன்றைத் திருப்பித் தர மறந்திருந்தேன்.

இன்று லூக்கா–லெமர் சோதனையை நிரலாக ஓட்டுகிறார்கள். 4இல் தொடங்கு, வர்க்கமாக்கி 2 கழி, 2147483647ஆல் வகுத்து மீதியை வை. 29 முறை முடிந்து பூஜ்யம் வந்தால் பகா. அருமையான சோதனை, குறை சொல்லமாட்டேன். ஆனால் 4இல் ஏன் தொடங்க வேண்டும் என்றால் விழிக்கிறார்கள். நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு இந்த எண் மனப்பாடம், குறியுள்ள 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பு என்று. அது பகா எண் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

விடை கைக்கு வருகிறது. காரணம் கைவிட்டுப் போகிறது. என் வழக்கு இதுதான்.

311க்கு அடுத்த ஆள் 1303. ஒரு தாளை எடுத்து வகுத்துப் பாருங்கள். மீதி 226 வரவில்லையென்றால், மறுபடி வகுங்கள்.