விடுமுறைக்கு வந்த இருபது விருந்தாளிகள்

நாய் வேண்டாம், பூனை வேண்டாம், மீன் தொட்டிகூட வேண்டாம் என்று ஒன்பது ஆண்டுகளாக உறுதியாக இருந்த பெங்களூர்த் தாய் ஒருவரின் வீட்டுக்குள், தசரா விடுமுறையின் முதல் நாள் ஒரு ஷூ அட்டைப்பெட்டி நுழைந்தது. உள்ளே இருபது பட்டுப்புழுக்கள். நான்காம் வகுப்பு ‘பி’ பிரிவின் சொத்து. யார் வீட்டுக்கு என்று வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மகன் பெயர் வந்துவிட்டது. “பதினஞ்சு நாள்தாம்மா” என்றான். கூடவே ஆசிரியை கொடுத்தனுப்பிய ஒரு பக்கக் குறிப்பு.

அந்த ஊரில் இது வினோதமான பாடம் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் மைசூர் ராஜ்யத்துக்குப் பட்டு வளர்ப்பைக் கொண்டுவந்தவர் திப்பு சுல்தான். ஜாம்ஷெட்ஜி டாட்டா தொடங்கிய பட்டுப் பண்ணையின் பெயர் பசவனகுடிப் பக்கம் இன்னும் புழங்குகிறது. சுமார் 50 கி.மீ. தள்ளி, ராமநகரத்தில் பட்டுக்கூடுகளுக்கென்றே ஒரு பெரிய சந்தை. ஆனால் வங்கியில் வேலை பார்க்கும் அந்தத் தாய்க்குப் பட்டு என்றால் பீரோவில் இருக்கும் ஐந்து மைசூர் சில்க் புடவைகள். புழு என்றால் காலிஃபிளவரில் நெளிவது.

பட்டுப்புழு மல்பெரி இலையைத் தவிர வேறெதையும் சீந்தாது. இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவரின் காம்பவுண்டில் மரம் இருந்தது. பூச்சிமருந்து அடித்ததா என்று கேட்டு, இல்லை என்று தெரிந்த பிறகே பறிக்க வேண்டும். ஈர இலை கொடுத்தால் நோய் வரும். அக்டோபர் மழையோ விட்டபாடில்லை. ஒவ்வோர் இலையாகப் பழைய வேட்டித் துணியால் துடைத்தார். கொசுவத்தி கூடாது, பிளக்கில் செருகும் கொசு மருந்தும் கூடாது. கொசுவைக் கொல்வது புழுவையும் கொல்லும். கணவர் முணுமுணுத்தபடி கொசுவலை கட்டினார். எறும்பு ஏறாமலிருக்க மேஜையின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன.

மூன்றாம் நாள் எல்லாப் புழுக்களும் தலையைத் தூக்கியபடி அசைவற்று நின்றன. இலையைத் தொடவில்லை. மகன் எழுந்ததும் என்ன சொல்வது என்று பதறியவர், குறிப்பை மறுபடி எடுத்துப் படித்தார். நான்காவது முறையாகத் தோல் உரிக்கும் நேரமாம். மறுநாள் பழைய தோலை உதறிவிட்டு வந்தவைக்கு அகோரப் பசி. வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான் தீர்கிறது. பொரித்தபோது எறும்பளவு இருந்த புழு, முடிவில் அந்த எடையைப் போல் சுமார் 10,000 மடங்கு ஆகிவிடும். இரவு பதினொரு மணிக்குக் கடைசி வேளை இலையைப் போட்டுவிட்டு விளக்கை அணைத்தால், ஓலைக் கூரையில் தூறல் விழுவது போல ஒரு சத்தம். அதைக் கேட்கவே அவர் சற்று நேரம் இருட்டில் உட்கார ஆரம்பித்தார். இதைக் கணவரிடம் சொல்லவில்லை.

இரண்டு புழுக்கள் செத்தன. துளசித் தொட்டியோரம் அடக்கம். மீதிப் பதினெட்டும் உடல் மினுங்கி, முட்டை அட்டையின் குழிகளில் இடம் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி நூற்கத் தொடங்கின. கூட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நூல், ஒரே இழை. மூன்றாம் நாள் பதினெட்டு மஞ்சள் கூடுகள்.

குறிப்பின் கடைசி வரியை அவர் முதல் நாளே படித்திருந்தார்: ‘பள்ளி திறக்கும் நாளில் கூடுகளைக் கொண்டுவரவும். வெந்நீரில் இட்டு நூல் எடுத்துக் காட்டப்படும்.’ அன்றைக்கு அது வெறும் வரி. பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துபோகும். அதனால் உள்ளே இருப்பதை முன்னதாகவே சூட்டில் கொன்றுவிடுகிறார்கள். புடவை வாங்கும் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்த விஷயம்தான். தன் கையால் இலை துடைத்துக் கொடுத்த பிறகு தெரிவது வேறு.

மகனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தார். பள்ளி திறக்க ஒரு நாள் இருக்கும்போது, தோசையைத் தட்டில் போட்டபடி சொல்லியே விட்டார்.

“தெரியும்மா. மிஸ் அப்பவே சொன்னாங்க. உனக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சேன். நீ அழுவியேன்னு சொல்லலை.”

வகுப்பில் ஓட்டெடுப்பே நடந்து முடிந்திருந்தது. பன்னிரண்டு நூலுக்கு, மிச்சம் பூச்சிக்கு. எந்தப் பன்னிரண்டு என்று மட்டும் யாரும் ஓட்டுப் போடவில்லை. “நீயே எடுத்துக் குடும்மா” என்றான். வங்கியில் தினமும் நாலு கடன் விண்ணப்பங்களையாவது நிராகரிப்பவர் அவர். கை போகவில்லை. கடைசியில் பதினெட்டையும் ஒரு துணிப்பையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். பன்னிரண்டு பள்ளிக்குப் போயின. ஆறு வீட்டிலேயே தங்கிவிட்டன. பள்ளிக்கூடத்தில் ராத்திரி பல்லி நடமாட்டம் என்று காரணம் சொன்னார்.

அந்த வாரமே உறவில் ஒரு கல்யாணம். பட்டுதான் கட்டிக்கொண்டு போனார்.

ஆறும் வெளியே வந்தன. வெளுத்த, தடித்த பூச்சிகள். இறக்கை உண்டு, பறக்கத் தெரியாது. தின்பதும் இல்லை. ஜோடி சேர்ந்து, செய்தித்தாளில் முட்டையிட்டு, சில நாளில் முடிந்துபோயின. பெண் பூச்சிகள் மூன்று. ஒவ்வொன்றும் சுமார் 400 முட்டை. ஆசிரியைக்குப் போன் செய்தார். மாதக்கணக்கில் உறங்கும் முட்டை என்றால் ஓரிரு நாளில் கருத்துவிடுமாம். இல்லாவிட்டால் பொரிக்கும் தறுவாய்வரை மஞ்சளாகவே இருந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் பொரித்துவிடுமாம்.

நான்காம் நாள் காலையிலும் மஞ்சளாகவே இருந்தன. வங்கிக்குப் போகும் வழியில் எஞ்சினியர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, மரத்தில் இலை எவ்வளவு மிச்சம் என்று அண்ணாந்து பார்த்தார்.